பந்தைப் பார்க்காமல் பார்த்த பருவம்: மிச்சிகன், 2023

அமெரிக்கப் பல்கலைக்கழக ஊர் ஒன்றுக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ வந்து சேரும் நம்மவர்களுக்குச் செப்டம்பர் பிறந்ததும் ஒரு திகைப்பு காத்திருக்கும். சனிக்கிழமை காலையில் மளிகை வாங்கலாம் என்று காரை எடுத்தால் பாதிச் சாலைகள் அடைக்கப்பட்டிருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர், அவருடைய பேத்தி, பெட்ரோல் பங்கில் நிற்பவர் என எல்லாரும் ஒரே நிறத்தில் சட்டை போட்டிருப்பார்கள். வீட்டு முற்றங்களில் கார்களை நிறுத்தப் பணம் வாங்கிக்கொண்டிருப்பார்கள். நான் ஆராய்ச்சிப் பணிக்காக மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் இருந்தபோது, அங்குள்ள மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் 2023ஆம் ஆண்டுப் பருவத்தை, சில ஆட்டங்களை அரங்கிலும் மற்றவற்றைத் தொலைக்காட்சியிலுமாக, முதலிலிருந்து முடிவு வரை பார்த்தேன். அந்த அணி ஆடிய 15 ஆட்டங்களிலும் வென்று, 1997க்குப் பிறகு முதன்முறையாகத் தேசியப் பட்டத்தைப் பெற்றது. ஒரு பருவத்தைத் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து பார்த்தால், ஒன்றுமே தெரியாதவரும் இந்த விளையாட்டை எப்படி ரசிக்கத் தொடங்கலாம் என்பதே நான் சொல்ல வந்தது.

விதிகளில் முதலில் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். நான்கு டவுனுக்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போகும். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் கம்பத்துக்கிடையே உதைத்தால் இன்னொரு புள்ளி. முடியாதபோது தொலைவிலிருந்து உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோலுக்கு 3. கடிகாரக் கணக்கில் ஆட்டம் 60 நிமிடம், ஆனால் வீடு திரும்ப நான்கு மணி நேரமாவது ஆகும். இதற்கு மேல் உள்ள நூற்றுக்கணக்கான விதிகளைப் படித்துவிட்டுப் போக வேண்டிய அவசியம் இல்லை. அரங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டால் போதும். கேட்பதற்கு ஆள் கிடைக்க மாட்டாரா என்று ஏங்கிக்கொண்டுதான் அவர் இருப்பார்.

அந்தப் பருவத்தின் தொடக்க ஆட்டங்களை உள்ளூர்க்காரர்களே அலுப்போடுதான் பார்த்தார்கள். ஈஸ்ட் கரோலைனாவை 30-3, நெவாடா லாஸ் வேகஸை 35-7, பௌலிங் கிரீனை 31-6 என்று மிச்சிகன் எளிதாக வென்றது. பெரிய பல்கலைக்கழகங்கள் பருவத்தின் தொடக்கத்தில் சிறிய அணிகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் அரங்குக்கு வரவழைத்து ஆடுவது இங்கு வழக்கம். தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா, மாணவர் தேர்வு தொடர்பான விதிமீறல் விசாரணையை ஒட்டிப் பல்கலைக்கழகமே விதித்த தடையால், அந்த மூன்று ஆட்டங்களிலும் களத்துக்கு வரவில்லை. உதவிப் பயிற்சியாளர்கள் முறை வைத்து நடத்தினார்கள். நுழைவுச்சீட்டு மலிவாகக் கிடைப்பது இத்தகைய ஆட்டங்களுக்குத்தான். புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் பெரிய ஆட்டத்துக்குப் போய்ப் பல நூறு டாலரைச் செலவழிப்பதைவிட, செப்டம்பரின் இளவெயிலில், முடிவு முன்னமே தெரிந்த ஓர் ஆட்டத்தில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொள்வது மேல் என்பேன்.

கண்ணைப் பழக்குவது என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவரின் கண் இயல்பாகவே பந்தின் பின்னால் ஓடும்; ஓடினால் அகப்படுவது ஒரு மனிதக் குவியல் மட்டுமே. எங்கள் ஆய்வகத்தின் மூத்த தொழில்நுட்பர், சிறுவயதிலிருந்து குடும்பத்தோடு இந்த அரங்குக்கு வந்து பழகியவர், எனக்குச் சொன்ன ஒரே யோசனை, பந்தை விட்டுவிட்டு அதற்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து பேரைப் பார் என்பதுதான். ஆஃபென்சிவ் லைன் என்று அழைக்கப்படும் அந்த ஐவரும் ஆளுக்குச் சுமார் 140 கிலோ எடை உள்ளவர்கள். வழக்கமான ஆட்டத்தில் அவர்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை, எறியும் பந்தைப் பிடிப்பதும் இல்லை. நடுவில் நிற்பவர் மட்டும் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுத்துவிடுவார். எதிரே நிற்பவர்களைத் தள்ளுவதும் தடுப்பதும்தான் அவர்கள் வேலை.

அவர்களை மட்டும் பார்த்தால் நடக்கப்போவது ஒரு நொடி முன்னதாகவே தெரிந்துவிடும். பந்து அசைந்தவுடன் ஐவரும் தலையைத் தாழ்த்தி முன்னே பாய்ந்தால், பந்தை ஒருவர் கையில் வாங்கிக்கொண்டு ஓடப்போகிறார். ஐவரும் நிமிர்ந்து, கைகளை முன்னே நீட்டியபடி பின்வாங்கி அரைவட்டமாக நின்றால், அந்த வட்டத்துக்குள் இருக்கும் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர், அதை எறியப்போகிறார். பக்கவாட்டில் இருப்பவர் தன் இடத்தைவிட்டு மறுபக்கம் ஓடினால், அவருக்குப் பின்னாலேயே பந்தும் வரும் என்று பெரும்பாலும் நம்பலாம். சில நேரம் அது ஏமாற்று வேலையாகவும் இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதில்தான் எதிரணியின் திறமை. இரண்டாவது ஆட்டத்தின் பாதிக்குள் எனக்கு இது பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு ஆட்டம் சலிக்கவில்லை.

அரங்கைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். 1927இல் திறக்கப்பட்ட மிச்சிகன் அரங்கில் 1,07,601 பேர் அமரலாம். அமெரிக்காவில் இதைவிடப் பெரிய அரங்கு இல்லை. ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரியதாகத் தெரியாது. நிலத்தைத் தோண்டி இறக்கிக் கட்டியிருப்பதால், வாசலில் நுழைந்ததும் கிண்ணத்தின் விளிம்பில் நிற்போம், இருக்கைகள் கீழ்நோக்கிப் போகும். லைனைப் பார்க்க விரும்புபவர்கள் ஓரத்தின் நடுவில் இடம் தேட வேண்டியதில்லை. எல்லைக்கோட்டுக்குப் பின்னால், உயரத்தில் உள்ள மலிவான இடமே நல்லது. அங்கிருந்து பார்க்கும்போதுதான் ஐவருக்கிடையே இடைவெளி திறப்பதும் மூடுவதும் நேராகக் கண்ணில் படும்.

அந்தப் பருவத்தில் பைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை, கைப்பை உட்பட. வேண்டியதையெல்லாம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. இருக்கைகள் பெரும்பாலும் முதுகுச் சாய்வு இல்லாத நீண்ட பலகைகள். ஒருவருக்கு ஒதுக்கிய அகலம் மிகக் குறைவு, நவம்பரில் எல்லாரும் தடித்த மேலங்கி போட்டு வரும்போது அதுவும் குறைந்துவிடும். அந்தக் குளிரில் மேலுடம்பைவிட முதலில் விறைப்பது பாதம். கால் வைக்கும் தரைக்கும் காலணிக்கும் இடையே ஓர் அட்டைத் துண்டைப் போட்டுக்கொள்ளும் உள்ளூர் வழக்கம் எந்த விலையுயர்ந்த காலுறையையும் விட நன்றாக வேலை செய்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்கள் வயிற்றை நிரப்பிக்கொண்டே உள்ளே போவது நல்லது. உள்ளே பாப்கார்னும் பிரெட்ஸலும் தவிர நம்பி வாங்கக்கூடியது அதிகம் இல்லை. குழந்தைகளை அழைத்துப்போனால் காதடைப்பான் கட்டாயம்.

கத்துவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. நம் அணியிடம் பந்து இருக்கும்போது உற்சாக மிகுதியில் எழுந்து கத்தினால் சுற்றியுள்ளவர்கள் முறைப்பார்கள், ஏனென்றால் நம் குவார்ட்டர்பேக் சொல்லும் கட்டளை அந்த ஐவரின் காதில் விழ வேண்டும். எதிரணியிடம் பந்து இருக்கும்போது, அதிலும் அவர்களுடைய மூன்றாவது டவுனில், ஒரு லட்சம் பேரும் எழுந்து இரைவார்கள்; சாவிக்கொத்தைத் தலைக்கு மேல் பிடித்துக் குலுக்குவார்கள். சத்தம் தாங்காமல் எதிரணி லைனில் ஒருவர் பந்து அசையும் முன்பே அசைந்துவிட்டால் 5 யார்டு பின்னே போக வேண்டும். பார்வையாளர் கூட்டம் தொண்டையால் சம்பாதித்துத் தரும் 5 யார்டு அது.

அக்டோபரில் பருவத்தின் போக்கு மாறியது. அதுவரை ஏழு ஆட்டங்களில் எந்த எதிரணியையும் 10 புள்ளிக்கு மேல் எடுக்க விடாமல் ஓடிக்கொண்டிருந்த அணியின் மீது, மிச்சிகன் ஸ்டேட் என்ற வேறொரு பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, சைகைகளைத் திருடிய குற்றச்சாட்டு வந்தது. ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர்கள் கையசைத்தும் அட்டைகளைக் காட்டியும் தங்கள் வீரர்களுக்கு அடுத்த டவுனில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வார்கள். ஆட்டம் நடக்கும்போது எதிரே நின்று அதைப் புரிந்துகொள்வது குற்றமில்லை. ஆனால் இனிமேல் மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி நேரில் வேவு பார்ப்பதை, பல்கலைக்கழக விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ நெடுங்காலமாகத் தடை செய்திருக்கிறது. அணியின் ஊழியர் ஒருவர் பல ஆட்டங்களுக்குச் சீட்டு வாங்கி ஆள் வைத்து ஓரத்துச் சைகைகளைப் படம் எடுக்க வைத்ததாகச் செய்தி வந்தது. அவர் நவம்பர் தொடக்கத்தில் பதவி விலகினார்.

ஊரில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. எல்லாரும்தான் செய்கிறார்கள் என்றவர்கள் ஒருபுறம், விதி விதிதான் என்றவர்கள் மறுபுறம். என் கருத்தில் செய்தது தவறே. 2025இல் என்சிஏஏ பெரும் அபராதம் விதித்தது, ஆனால் வெற்றிகளைப் பறிக்கவில்லை. தொழில்முறை ஆட்டத்தில் 1994 முதலே தலைக்கவசத்துக்குள் வானொலி இருக்க, பல்கலைக்கழக ஆட்டத்தில் 2024 வரை கையசைப்பையே நம்பியிருந்தது நிர்வாகத்தின் சோம்பல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அணியை நேசிப்பவர்களோடு பணிபுரியும் வெளியூர்க்காரருக்கு ஒரு வார்த்தை: இந்த விவகாரத்தை மதிய உணவு மேசையில் நீங்களாகத் தொடங்காதீர்கள்.

நவம்பர் 10, வெள்ளிக்கிழமை, பென் ஸ்டேட் அணியோடு அவர்கள் ஊரில் ஆட மிச்சிகன் அணி பயணத்தில் இருந்தபோது, மிச்சிகன் அங்கம் வகிக்கும் பிக் டென் கூட்டமைப்பு ஹார்பாவை வழக்கமான பருவத்தில் மீதமிருந்த மூன்று ஆட்டங்களுக்கும் களத்தில் நிற்கத் தடை செய்தது. மறுநாள் பொறுப்பேற்றவர் ஷெரோன் மூர் என்ற உதவிப் பயிற்சியாளர். லைன் ஐவரைப் பயிற்றுவித்தவரும் அவரே என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தைப் பார்த்தால்தான் அது புரியும்.

பென் ஸ்டேட்டின் தடுப்பு வீரர்கள் மிக வேகமானவர்கள். மிச்சிகன் குவார்ட்டர்பேக் ஜே. ஜே. மெக்கார்த்தி பின்வாங்கி எறிய முயன்றபோதெல்லாம் அவர்கள் வட்டத்தை உடைத்துக்கொண்டு வந்தார்கள். முதல் பாதி முடிவதற்குள் மூர் ஒரு முடிவெடுத்தார்: எறிவதையே நிறுத்திவிடுவது. அதன் பிறகு மிச்சிகன் தொடர்ந்து 32 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. இரண்டாம் பாதி முழுவதிலும் கணக்கில் ஏறிய எறிதல் ஒன்றுகூட இல்லை. ஓடப்போகிறார்கள் என்பது எதிரணிக்கும் தெரியும், அரங்கில் இருந்த ஒரு லட்சம் பேருக்கும் தெரியும், வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியும். லைனில் கூடுதலாகப் பெரிய உடம்புக்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்தி, மூன்று யார்டு, நான்கு யார்டு, இரண்டு யார்டு என்று தள்ளிக்கொண்டே போனார்கள். டெஸ்ட் ஆட்டத்தில் மூன்றாம் நாள் பிற்பகல் வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் ஒரே இடத்தில் விடாமல் குத்திக் குத்தி மட்டையாளரின் பொறுமையைக் கரைப்பாரே, அந்த வகை ஆட்டம் இது. நான்காம் கால் பகுதியில் பென் ஸ்டேட் தடுப்பாளர்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். அப்போது மிச்சிகனின் ஓட்டக்காரர் பிளேக் கோரம் 30 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தார். 24-15. ஆட்டம் முடிந்து தொலைக்காட்சியில் பேசும்போது மூர் அழுதுவிட்டார்.

பந்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆட்டம் படு மந்தம். அலுவலகத்தில் திங்கட்கிழமை அப்படித்தான் சிலர் சொன்னார்கள். லைனைப் பார்த்தவர்களுக்குப் பருவத்திலேயே சிறந்த ஆட்டம் அதுதான். அடுத்த வாரம் மேரிலாந்தை 31-24 என்று திணறி வென்றபோது, 1,000 வெற்றி பெற்ற முதல் பல்கலைக்கழக அணி என்ற பெயர் மிச்சிகனுக்கு வந்தது.

நெடுநாள் போட்டியாளரான ஒஹாயோ ஸ்டேட்டுடனான ஆட்டத்தை இந்த ஊரில் பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை; ‘அந்த ஆட்டம்’ என்றால் போதும். இரு அணிகளும் அதுவரை தோற்காமல் நவம்பர் 25 அன்று ஆன் ஆர்பரில் மோதின. நுழைவுச்சீட்டின் விலையைக் கேட்டுவிட்டு நண்பர் வீட்டுத் தொலைக்காட்சியே போதும் என்று முடிவு செய்தேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. மூன்றாம் கால் பகுதியில் ஆட்டம் 17-17 என்று சமநிலையில் இருந்தபோது, ஐவரில் வலப்பக்கம் நிற்கும் ஜாக் ஜின்டர், அணித் தலைவர்களில் ஒருவர், காலெலும்பு முறிந்து விழுந்தார். களத்துக்கு வண்டி வந்தது; இரு அணி வீரர்களும் மண்டியிட்டு நின்றார்கள். லைனில் ஆட்களை மாற்றி அமைத்து ஆட்டம் மீண்டும் தொடங்கியது. அடுத்த டவுனிலேயே கோரம் பந்தை வாங்கி 22 யார்டு ஓடி டச்டவுன் எடுத்து, விரல்களால் ஆறையும் ஐந்தையும் காட்டினார். 65 என்பது ஜின்டரின் சட்டை எண். லைன் வீரர் ஒருவரின் எண்ணை ஊர் முழுவதும் மனப்பாடமாகச் சொன்ன நாள் அது. கடைசி அரை நிமிடத்தில் ஒஹாயோ எறிந்த பந்தை மிச்சிகன் வீரர் ராட் மூர் இடைமறித்துப் பிடிக்க, 30-24 என்று முடிந்தது.

பிக் டென் இறுதியாட்டத்தில் அயோவாவை 26-0 என்று வென்றதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. 2024 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் அரங்கில் நிக் சேபன் பயிற்றுவித்த அலபாமாவோடு நடந்த, தேசியப் பட்டத்துக்கான அரையிறுதி வேறு ரகம். உதைத்து அனுப்பிய பந்தைப் பிடிக்கத் தடுமாறிய சிறு பிழைகளால் மிச்சிகன் தோல்வியின் விளிம்புக்குப் போய், கடைசி இரண்டு நிமிடத்துக்குள் 20-20 என்று சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் கோரம் இரண்டே ஓட்டத்தில் டச்டவுன் எடுத்தார். பிறகு அலபாமாவின் முறை: நான்காவது டவுன், எல்லைக்கோட்டுக்கு மூன்று யார்டு. குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோ தானே பந்தோடு நடுவில் பாய்ந்தார். பழகிய கண்ணுக்கு அந்த நொடியில் தெரிந்தது, மிச்சிகனின் தடுப்பு வரிசை அலபாமா லைனை நின்ற இடத்திலேயே அசையவிடாமல் பிடித்து, ஓட வேண்டிய வழியை மனிதச் சுவராக்கியதுதான். 27-20. ஒன்பது நாள் கழித்துச் சேபன் ஓய்வை அறிவித்தார்.

ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் வாஷிங்டனுடன் இறுதியாட்டம். அந்த ஆண்டின் சிறந்த லைனுக்கு வழங்கப்படும் ஜோ மூர் விருதை வாங்கியிருந்தது வாஷிங்டன்; அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அதை வாங்கியது மிச்சிகன். மிச்சிகன் 303 யார்டு ஓடியது. டோனவன் எட்வர்ட்ஸ் 41, 46 யார்டு என இரண்டு நீண்ட ஓட்டங்களில் தொடக்கத்திலேயே டச்டவுன் எடுத்தார், கோரம் கடைசியில் இரண்டு எடுத்தார். 34-13. நள்ளிரவைத் தாண்டியும் ஆன் ஆர்பரின் சவுத் யுனிவர்சிட்டி தெருவில் மாணவர் கூட்டம் கலையவில்லை. நாம் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்க ஏற்ற இடம் அதுவன்று. சில நாள் கழித்து நடந்த ஊர்வலம்தான் அதற்குத் தோது.

ஒரு பருவத்தைப் பார்த்துவிட்டு அணியை அறிந்துகொண்டதாக நினைக்கவும் முடியாது. மாணவர் அணி என்பதால் முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஜனவரி முடிவதற்குள் ஹார்பா லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். ஏப்ரலில் 13 வீரர்கள் தொழில்முறை அணிகளுக்குத் தேர்வானார்கள். வழக்கமாக லைனில் நின்றவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அவருக்குப் பின் தலைமைப் பயிற்சியாளராக வந்த ஷெரோன் மூர் 2024இல் எட்டு வெற்றி, ஐந்து தோல்வி என்று முடித்தார். செப்டம்பரில் டெக்சஸ் அணி இதே அரங்கில் வந்து 31-12 என்று அடித்துவிட்டுப் போனது; அன்று புதிய ஐவர் பின்வாங்கி நிற்கும் அரைவட்டம் சில நொடிகளில் உடைந்துகொண்டே இருந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆண்டு எப்படிப் போகும் என்பது அப்போதே தெரிந்திருக்கும். ஆனாலும் நவம்பர் கடைசியில், யாரும் வாய்ப்பே தராத நிலையில், ஒஹாயோவின் ஊருக்கே போய் 13-10 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் நான்காம் கால் பகுதியை மட்டுமாவது, பந்தை மறந்துவிட்டு, நடுவில் தள்ளிக்கொண்டு நிற்பவர்களை வைத்துப் பாருங்கள்.